மஞ்சள் பட்டு கட்டிய குஞ்சு

சாமிக்கென்று நேர்ந்துகொண்ட கோழிக்குஞ்சின் காலில் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் நூல் கட்டுவார்கள். ஊரில் எல்லாரும் பருத்தி நூல்தான் கட்டுவது. அது மண்ணிலும் தண்ணீரிலும் நைந்து, குஞ்சு வளர வளரத் தானே அறுந்து விழும். விழுந்ததும் வேறொன்று கட்டிவிடுவார்கள். எங்கள் பின்வீட்டு அக்கா நூல் கேட்டு வந்து நின்றது பட்டுத்தறி ஓடுகிற வீட்டில். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அந்த அக்கா மாகறலில் பிறந்து, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாழ வந்தவள். வீட்டுக்காரர் மாட்டு வண்டி ஓட்டுகிறவர். அறுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம் அவருக்கு அம்மை போட்டு, வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அக்கா சுவர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு என் அம்மாவிடம் கேட்டாள்.

"மஞ்சா நூலு இருந்தா ஒரு துண்டு குடும்மா. இவரு எழுந்து உக்காந்துட்டா ஆடியில ஒரு சேவல் குடுக்கறேன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கினு இருக்கேன். இப்பவே குஞ்சுக்குக் கட்டிடணும். இல்லன்னா எது சாமிக்கு, எது நமக்குன்னு கலந்துபூடும்."

"சாமி காரியத்துக்குப் பருத்தியவா கட்டுவ?" என்றாள் அம்மா. உள்ளே போய் மாம்பழ மஞ்சளில் இரண்டிழைப் பட்டு நூலை முறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

பட்டு நைந்து அறாது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒன்று அறுந்தால் என்ன பாடு என்பதும், பட்டு நூலை விரலில் சுற்றி இழுத்தால் விரல்தான் அறும் என்பதும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அத்தனை தெரிந்திருந்ததால்தானோ என்னவோ, ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

எனக்கு அப்போது பதினைந்து பதினாறு வயசு இருக்கலாம். ஆறாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ராட்டை முன்னால் உட்கார்ந்தவள். அப்பா தறிக்குழியில் கால் வைத்து நெய்வார். குறுக்கே ஊடையில் போகிற நூலை நான் சின்னக் குழலில் தார் சுற்றிக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் நின்றுபோனதில் எனக்கு வருத்தமில்லை. வாத்தியார் என் பக்கம் திரும்பினாலே முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்கிறவள் நான். பயம் எனக்குக் கூடப் பிறந்தது. அடுப்பை அணைத்தோமா, கதவைச் சாத்தினோமா, அப்பா தூங்குகிறாரே, மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். "இவளுக்குக் கவலை இல்லன்னா அதுவே ஒரு கவலையா பூடும்" என்று அம்மா சொல்வாள்.

அம்மை இறங்கியது. அக்கா வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். சித்திரை வெயிலில் ஒரு நாள் கொல்லைப் பக்கம் துணி உலர்த்தப் போனவள், சுவரோரம் ஒரு குஞ்சு ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்தேன். மற்ற குஞ்சுகள் அதைச் சுற்றிக்கொண்டு காலையே கொத்தின. தாய்க்கோழியும் ஒரு கொத்து கொத்திவிட்டுத் தன் வழியே போனது. செம்மண் நிறத்தில், முதுகில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிற குஞ்சு. கையில் எடுத்துப் பார்த்தேன். கால் முருங்கைக்காய் மாதிரி வீங்கி, நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் எங்கேயோ ஆழத்தில் மாம்பழ மஞ்சள்.

"யம்மா" என்று கூப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது. அப்புறம் எப்படி வீட்டுக்குள் வந்தேன் என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. கோழி என்பது தெருவில் போகிற ஒன்று, வாசற்படி தாண்டியதில்லை. அம்மா அந்தக் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நம்ம நூலு" என்றாள் கடைசியில். "நாமதான் பார்க்கணும். உள்ள எடுத்தாடி."

அப்பா குழியிலிருந்து ஏறி வந்தார். ஓடிக்கொண்டிருக்கும் பாவில் ஒரே ஓர் இழை தளர்ந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடிக்கிற மனுஷன். ஊசி முனையால் வீக்கத்துக்குள்ளிருந்து அந்த நூலை மெல்லத் தூக்கினார். நான் குஞ்சின் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தேன். அதன் நெஞ்சு என் சுண்டுவிரலில் அடித்தது. ராட்டை வேகமாகச் சுற்றும்போது கட்டைக்குள் ஒரு அதிர்வு வருமே, அப்படி. கத்திரி 'சிக்' என்றது. நூல் வந்தது. இத்தனைக்கும் அது சாயம்கூட மங்காமல் பளபள என்று இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "அய்யய்யே, இன்னாமா இது இப்டி ஆயிருக்குது. நானு கவனிக்கவே இல்லையே, இவரைப் பார்க்கவே நேரம் சரியா பூட்சு." பிறகு குரலை இறக்கி என்னிடம் கேட்டாள்: "கால் ஊணும் இல்ல?"

"தெரியலக்கா."

"ஊணணும்மா. ஊனமானது சாமிக்கு ஆவாது."

அவள் போன பிறகுதான் அந்தப் பேச்சு எனக்குள் இறங்கியது. கால் சரியானால் ஆடியில் இது போய்விடும். சரியாகாமல் நொண்டினால் இருக்கும். அப்படி இருந்தால், அக்காவின் வேண்டுதல் நிறைவேறாமல் நிற்கும். அம்மை இறங்கின மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கென்று ஒரு பயம் தயாராக இருந்தது.

ஒரு பழைய நார்க்கூடையில் கிழிந்த வேட்டியைப் போட்டுக் குஞ்சை வைத்தோம். அப்பா ஒரே ஒரு கட்டளை போட்டார்: "தறிப் பக்கம் வரக் கூடாது. பாவு மேல ஒரு எச்சம் உழுந்துதுன்னா, அப்புறம் நானும் அதுவும் ஒண்ணா கூடையில உக்கார வேண்டியதுதான்." அதனால் கூடை என் ராட்டைக்கு அடியில் வந்தது. ராட்டைக்கு அடியிலிருந்து என் மடிக்கு வர அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

காலையிலும் சாயங்காலமும் மஞ்சள் தண்ணீர் வைத்தியம். தண்ணீரை வெதுவெதுப்பாகச் சுட வைத்து, மஞ்சள்தூள் கரைத்து, வேப்பிலை கிள்ளிப்போட்டு, மடியில் ஒரு துணி விரித்துக் குஞ்சை உட்கார வைத்துக் காலில் ஊற்றுவேன். கால் மட்டும் நனைந்தால் போதும். ஆனால் நான் பயந்து பயந்து ஊற்றுவதில் தலையிலும் முதுகிலும் தெளித்துவிடும். முதலில் எல்லாம் அது உடம்பைச் சிலுப்பி என் முகமெல்லாம் மஞ்சள் புள்ளி ஆக்கும். அம்மா சிரிப்பாள். "உனக்கு நலுங்கு வைக்குதுடி." பிறகு நல்லெண்ணெய் தொட்டுத் தடவி, சுருண்டுபோன விரல்களை விரித்து, ஈர்க்குச்சியை அணையாக வைத்துப் பழந்துணியால் கட்டுவேன். பருத்தித் துணியால்.

அந்தக் கோடை எனக்கு ஒரு நீளமான மத்தியானமாகத்தான் நினைவிருக்கிறது. தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒரு வீட்டுத் தறி நிற்கும் இடைவெளியில் அடுத்த வீட்டுத் தறி தட்டும். அது அடங்கும்போது எதிர்வீட்டில். தெருவே மூச்சு விடுவது போல. எங்கள் ஓட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியாக இறங்கும் வெயில் ஒரு தட்டு அளவுக்குத் தரையில் விழுந்து, பொழுதோடு நகர்ந்துகொண்டே போகும். குஞ்சுக்குச் சூடு வேண்டும் என்று அந்த வெளிச்சத்தின் பின்னாலேயே கூடையை நகர்த்திக்கொண்டு போவேன். காலையில் ராட்டைக்கு இடது பக்கம், உச்சியில் என் மடி, அப்புறம் நெல் குதிர் ஓரம். வெயில் சுவரில் ஏறிவிட்டால் குஞ்சு அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு என்ன நிறத்தில் தார் சுற்றுகிறேனோ, அந்த நிறம் குஞ்சின்மேல் விழும். அரக்குப் பட்டு சுற்றும் நாளில் அதுவும் அரக்கு. கிளிப்பச்சை நாளில் அது ஒரு கிளிக்குஞ்சு. மயில்கழுத்து நாளில் என்னவென்று சொல்வது, அது ஒரு சின்ன மேகம். கை தானாகச் சுற்றிக்கொண்டிருக்க, என் கண் சொக்கும். நூல் போய்க்கொண்டே இருக்கும். எது நூல், எது வெயில், எது மடியிலிருக்கிற சூடு என்று பிரியாத ஒரு நிலை. திடீரென்று, அசையவில்லையே என்று பயம் வரும். குஞ்சைத் தூக்கிக் காதில் வைத்துக் கேட்பேன். உள்ளே துடிக்கும். மறுபடி மடியில் வைப்பேன். அதுவும் 'இவள் இப்படித்தான்' என்று கண்ணை மூடிக்கொள்ளும்.

நொய்யரிசியும் ஊறவைத்த கேழ்வரகும் போட்டோம். தின்றது. ஆனால் ஒரு நாள் குதிரின் கீழே ஓடிய கரப்பானை எட்டிப் பிடித்து விழுங்கிவிட்டது. கட்டுப்போட்ட காலோடுதான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எதையும் பார்க்காதவள் போல அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பார்த்தேன், பார்த்தேன்" என்றார் அப்பா தறியிலிருந்து. "இந்த வூட்டுல கவிச்சி சாப்பிடற மொத ஆளு."

"வாய மூடிக்கினு நெய்யுங்க" என்றாள் அம்மா. "அதுக்கு வைத்தியம் நடக்குது. பத்தியம் நாம சொல்ல முடியாது."

வைகாசியில் கருடசேவைக்குத் தெருத் தெருவாக ஜனம் போயிற்று. மாகறலிலிருந்தும் திருப்புட்குழியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் தெரு வழியே நடந்தார்கள். மேளச் சத்தத்துக்குக் குஞ்சு பயப்படுமே என்று நான் போகவில்லை. கூடையோடு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். சத்தம் ஓய்ந்தபோது பார்த்தால், குஞ்சு என் மடியிலிருந்து இறங்கித் தரையில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு காலிலும். ஓர் அடி வைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தது. இன்னோர் அடி. எனக்குச் சந்தோஷம் வந்தது, அதன் தோளிலேயே கை போட்டுக்கொண்டு பயமும் வந்தது.

அக்கா ஓயாமல் சுவரில் எட்டிப் பார்ப்பாள். "எங்க, நடக்க உடு பார்க்கலாம்." நான் விடுவேன். அது வேண்டுமென்றே செய்வது போல ராணி மாதிரி நடக்கும். "நல்லா ஊணுதே. கை வாகுமா உனக்கு." அவள் மெச்சும்போதெல்லாம் நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். ராணி என்று சொன்னது சும்மா இல்லை. கால் சரியானால் ஆகட்டும், பொட்டையாகவாவது இருக்கட்டும், வேண்டுதல் சேவலுக்குத்தானே என்று ஒரு நினைப்பு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கொண்டை வளராமல் இருக்கிறதா என்று தினம் விரலால் தடவிப் பார்ப்பேன்.

ஆனி பாதியில், ஒரு விடியற்காலை, கொல்லையில் எண்ணெய் போடாத கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு சத்தம். கூடையின் விளிம்பில் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, அது கூவப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சேவலு" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா திருப்தியாகச் சொன்னது கேட்டது.

கால் ஆறிவிட்டது. பட்டு இருந்த இடத்தில் செதிள் இல்லாமல் ஒரு வழுவழுப்பான வளையம் மட்டும். ஆனாலும் மஞ்சள் தண்ணீரை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப வீங்கிவிடுமோ என்று பயம். அதற்கும் அது பழகிப்போயிருந்தது. சிலுப்புவதை எப்போதோ விட்டுவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீர் முதுகில் விழுந்ததும் இறக்கையைத் தளர்த்தி, கீழ் இமையை மேலே இழுத்து மூடி, அப்படியே தூங்க ஆரம்பித்துவிடும்.

ஆடி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வேப்பமரத்தடி அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அக்கா வந்து கையை நீட்டினாள். அவள் முகத்தில் கொடுமை ஒன்றும் இல்லை. கடன் கழிக்கிற நிம்மதியும், என்னைப் பார்த்து ஒரு சங்கடமும்தான் இருந்தது.

"எடுத்துக்கினு போறேம்மா. மனசு கஷ்டப்படாத. சாமிக்குன்னு வந்தது."

நான் தலையை ஆட்டினேன். கொடுத்தேன். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பார்த்தேன், கால் தரிக்கவில்லை. அம்மாவும் கூட வந்தாள், கோழி பலி கொடுக்கிற இடத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போனதில்லை என்றாலும்.

கோயில் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கல், ஒரு சூலம், மரம். எதிரே வெட்டவெளியில் பித்தளைக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வேப்பிலை போட்டு வைத்திருந்தார்கள், காலையிலிருந்தே. ஆடி வெயில் குடத்தில் பட்டுக் கண்ணைப் பறித்தது. முறை என்னவென்றால், கொடுக்கிற கோழியின்மேல் அந்தத் தண்ணீரை ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். சிலுப்பாமல் கத்தி வைக்க மாட்டார்கள். எந்தக் கோழிதான் தண்ணீர் ஊற்றினால் சிலுப்பாது? அதனால் யாரும் அந்த இடத்தில் அதிகம் நிற்பதில்லை. ஊற்றுவதும் சிலுப்புவதும் முடிவதும் ஒரே மூச்சில் நடந்துவிடும்.

பூசாரி சேவலைத் தரையில் நிற்க வைத்து ஒரு சொம்பு ஊற்றினார்.

அது கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. இறக்கையைத் தளர்த்தியது. மெதுவாக மண்ணில் உட்கார்ந்தது. கீழ் இமை மேலே ஏறியது.

கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். "தூங்குதுடி இது."

"காலையில எண்ணெ தேய்ச்சிட்டாங்களா, குளிக்க வந்திருக்குது" என்றாள் இன்னொருத்தி.

பூசாரி இன்னொரு சொம்பு ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் முதுகின் கறுப்புக் கோட்டில் ஓடி வாலிலிருந்து சொட்டியது. அது இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதே மஞ்சள். அதே வேப்பிலை வாசனை. வெயிலில் கிடந்த குடத்துத் தண்ணீர் அதே வெதுவெதுப்பு. அது என் மடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது சொம்பும் ஆயிற்று. சிரிப்பு நின்று, ஜனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மனுக்கு இது வேணாம்னு இருக்குது" என்றார் பூசாரி. "ஒரு பூசணிக்கா ஒடைச்சிட்டுப் போ."

அக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று. "அப்டி வுட்டா குத்தமாவாதா சாமி? இவருக்காவ வேண்டிக்கினது."

கூட்டத்தின் பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். அம்மைத் தழும்பு மாறாத முகம், தொளதொள என்ற சட்டை. "எனக்காவத்தானே. நான் நல்லாத்தானே நிக்கறேன். அம்மனே வாணாம்னு சொல்லும்போது நீ இன்னாத்துக்கு நின்னு வழக்கடிக்கற? கூழை ஊத்து, பசிக்குது."

பூசணிக்காய் உடைத்தார்கள். அக்கா சேவலைத் தூக்கி, முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். "நீயே வெச்சிக்க. சாமி வாணாம்னு சொன்னத நான் எப்டி ஆக்கித் தின்னறது?" அது என் கையில் விழித்துக்கொண்டு, இவ்வளவு ஜனம் எங்கிருந்து வந்தது என்பது போலச் சுற்றிலும் பார்த்தது.

சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாதித் தெருவில் அம்மா கேட்டாள்.

"தண்ணி வெதுவெதுன்னு இருந்துது, இல்ல?"

நான் நின்றுவிட்டேன். அம்மா நிற்கவில்லை.

"நீ ஒண்ணும் போட்டு ஒழப்பிக்காத. கொடத்தக் கொண்டாந்து வெயில்ல வெச்சது நீயா? அம்மன் கோயிலு, அவ வெயிலு."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். முழுசாக நிம்மதி என்று சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் என் ராட்டை நின்றுவிடும். இருமல் ஓய்ந்து, பீடி பற்றவைக்கிற தீக்குச்சிச் சத்தம் கேட்ட பிறகுதான் கை சுற்றும். சேவல் வளர்ந்தது. அப்பா கால் வைக்கிற தறிக்குழியின் ஓரத்தில், அப்பா இல்லாத நேரம் பார்த்து, குளிர்ச்சியாக உட்கார்ந்துகொள்ளும். பாவு மேல் ஒரு நாளும் ஏறியதில்லை.

ஐப்பசியில் முதல் மழை. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. துணி எடுக்கக் கொல்லைக்கு ஓடினேன். சேவல் நடு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய பெரிய துளிகள், ஐஸ் மாதிரிக் குளிர்ந்த துளிகள், அதன் முதுகில் விழுந்தன. அது ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு கொண்டையிலிருந்து வால்வரைக்கும், இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்க, உடம்பு முழுவதையும் ஒரு சிலுப்பு சிலுப்பியது.

துணியெல்லாம் கையிலிருந்து விழுந்தது. நான் சுவரையே பார்த்தேன். மழைச் சத்தத்துக்குள் காதை வைத்தேன். அந்தப் பக்கம் அவர் மாட்டை அவிழ்த்துக் கொட்டகைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். "ஹே, ஹே, இங்க வா, எங்க போற நனைஞ்சிக்கினு" என்று அதட்டுகிற சத்தம். நல்ல கனமான குரல். இருமல் இல்லை.

சேவலை அள்ளி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அதன் நெஞ்சு என் கையில் அடித்துக்கொண்டிருந்தது. ராட்டை முன்னால் உட்கார்ந்து, தலையிலிருந்து ஆரம்பித்து, மெல்லத் துவட்டினேன்.